பூனையின் முடி கொட்டுகிறதா, பூனையே நக்கி எடுக்கிறதா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆறு வயதுப் பெண் பூனை, கருத்தடை செய்யப்பட்டது. ஐந்து மாதங்களாக அதன் அடிவயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் முடி கொட்டி வழவழப்பாகிவிட்டது. தோல் சிவக்கவில்லை. முதுகைத் தடவினால் வால் பக்கமாகச் சிறு சிறு பொருக்குகள் கையில் தட்டுப்படுகின்றன. ஆறு மாதங்களுக்கு முன் வீடு மாறினோம். அந்த மன அழுத்தம்தான் காரணம் என்று ஒருவரும், ஹார்மோன் குறைபாடு என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டு முறை ஊசி போட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் நன்றாக இருந்து மறுபடியும் தொடங்கிவிட்டது. பூனைகள் வெளியே போவதில்லை, தெள்ளுப்பூச்சி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. என் எட்டு வயது மகள் இந்தப் பூனையோடுதான் தூங்குகிறாள். அவளுக்கு ஏதாவது தொற்றுமா? நண்பர் ஒருவரிடம் அவருடைய நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து, கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மீதம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நண்பரிடம் மீதமிருக்கும் நாய் மருந்தைப் பூனையின் மேல் போடாதீர்கள். அளவைக் குறைத்தும் போடாதீர்கள். நாய்களுக்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பொருள் செறிவாக இருக்கிறது. நாயின் உடல் அதை எளிதாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலைக்கு வேண்டிய நொதித்திறன் மிகக் குறைவு. அதனால் மருந்து உடலிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. சில மணி நேரத்தில் காதும் முகமும் துடிக்கத் தொடங்கி, பிறகு உடல் முழுவதும் நடுக்கம், வலிப்பு, கடுமையான உடல் சூடு என்று முற்றிப் பூனை இறந்தும் போகலாம். நல்லது நினைத்துப் போட்ட ஒரு குழாய் மருந்தினால் இரவெல்லாம் வலிப்பில் துடித்த பூனைக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். விடியும் முன் அது இறந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் தம் பூனையின் மீது உங்களைப் போலவே உயிரை வைத்திருந்தவர். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒருவேளை மருந்தைப் போட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான பாத்திர சோப்பிலும் அந்த இடத்தை நன்றாகக் கழுவி, மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி முடியைப் பற்றிப் பேசுவோம். ‘முடி கொட்டிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பூனையின் விஷயத்தில் அந்தச் சொல்லை எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது என்பது இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கற்ற பாடம். பூனையின் முடி தானாக வேரோடு கழன்று விழுவது அரிது. பெரும்பாலும் பூனையே அதை நக்கியும் பல்லால் கடித்தும் எடுத்துவிடுகிறது. அதன் நாக்கின் மேற்பரப்பில் தொண்டைப் பக்கம் வளைந்த சிறு முட்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஒரே இடத்தை ஓயாமல் நக்கினால் அந்த நாக்கு சீப்பாக இல்லாமல் அரமாக வேலை செய்யும். நாய்க்கு அரித்தால் அது காலால் பறண்டுவது வீடு முழுவதும் கேட்கும். பூனைக்கு அரித்தால் அது ஒதுக்குப்புறமாகப் போய் நக்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு அது வழக்கமாகத் தன்னைத் துப்புரவு செய்துகொள்வதாகவே தோன்றும். நீங்கள் உள்ளே வரும்போது நிறுத்திவிடும். ஆகையால், ‘அது சொறிவதை நான் பார்த்ததே இல்லை’ என்று உரிமையாளர்கள் உறுதியாகச் சொல்வது உண்மைதான், ஆனால் அரிப்பு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

இதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். வழவழப்பாகத் தெரியும் அடிவயிற்றில் விரலை முடி வளரும் திசைக்கு எதிராக மெல்ல ஓட்டுங்கள். மழித்த தாடி இரண்டு நாள் கழித்துக் குத்துவதுபோல விரலில் நெருடினால் முடி வேரோடு போகவில்லை, நடுவில் ஒடிந்திருக்கிறது என்று பொருள். பூனை வாந்தியெடுக்கும் முடியுருண்டைகள் சில மாதங்களாகக் கூடியிருக்கின்றனவா, மலத்தில் முடி தெரிகிறதா என்று பாருங்கள். யாருமில்லாத அறையில் கைப்பேசியைப் பதிவில் வைத்துவிட்டு வெளியே போவதும் பல வீடுகளில் விடையைக் கொடுத்திருக்கிறது. மருத்துவர் அந்த இடத்தின் ஓரத்திலிருந்து சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஐயம் முழுவதுமாகத் தீர்ந்துவிடும்: நுனி கூர்மையாக மெலிந்திருந்தால் அது தானாக உதிர்ந்த முடி, நுனி பிய்ந்து ஒடிந்திருந்தால் நக்கப்பட்ட முடி. சில நிமிடங்களில் முடியும் சோதனை இது. உங்கள் கடிதத்தில் இது நடந்ததாகக் குறிப்பே இல்லாததால், அடுத்த முறை செல்லும்போது இதை நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

ஹார்மோன் குறைபாடு என்று உங்களிடம் சொன்னவர் காரணமில்லாமல் சொல்லவில்லை. கருத்தடை செய்யப்பட்ட பூனைகளுக்கு வயிற்றிலும் தொடையிலும் இருபுறமும் சமமாக முடி போவதைப் பார்த்து, முன்பெல்லாம் அதற்கு ஹார்மோன் சார்ந்த முடியிழப்பு என்றே பெயர் வைத்து, மெஜெஸ்ட்ரால் அசிட்டேட் போன்ற ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்து வந்தார்கள். முடியும் பல பூனைகளுக்கு வளர்ந்தது. ஆனால் அம்மருந்துக்கு ஸ்டீராய்டு போல அரிப்பை அடக்கும் குணமும் உண்டு என்பதுதான் அதற்குக் காரணம்; இந்தப் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை நக்கி நக்கியே முடியை இழந்தவை என்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்குள் நீரிழிவும் பால்சுரப்பிக் கட்டிகளும் வந்து பல பூனைகள் விலை கொடுத்துவிட்டன. எனவே ஹார்மோன் மாத்திரையை யாராவது பரிந்துரைத்தால், முதலில் நுண்ணோக்கியில் முடியைப் பார்த்தீர்களா என்று பணிவோடு கேளுங்கள்.

உண்மையிலேயே தானாக முடி உதிரும் நிலைகளும் இருக்கின்றன. குட்டி போட்டுப் பாலூட்டும் தாய்ப்பூனைக்கும், கடுங்காய்ச்சலோ பெரிய அறுவை சிகிச்சையோ கடந்த பூனைக்கும் முடி உதிர்ந்து பின்பு தானே முளைக்கும். வயது முதிர்ந்த பூனைக்கு உடல் மெலிந்து, பசி குறைந்து, அடிவயிற்றுத் தோல் பளபளவென்று மின்னி, முடி தொட்டாலே கொத்தாகக் கையோடு வந்தால், கணையம் போன்ற உள்ளுறுப்புகளில் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். பத்து வயதைக் கடந்த பூனை நிறையச் சாப்பிட்டும் மெலிந்து, முடி பொலிவிழந்து காணப்பட்டால் தைராய்டு மிகைச் சுரப்பைச் சோதிக்க வேண்டும். ஆறு வயதில், உடல் நலம் குன்றாமல் இருக்கும் உங்கள் பூனைக்கு இவை பொருந்தும் வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணுக்கும் காதுக்கும் இடையே முடி மெலிந்து தெரிவது பூனைகளுக்கு இயல்பு. அதைப் பார்த்துப் பதறி வருபவர்கள் பலர் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது மன அழுத்தம். வீடு மாறியது ஆறு மாதங்களுக்கு முன், முடி போகத் தொடங்கியது ஐந்து மாதங்களுக்கு முன் என்றால், இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றும். இந்த முடிச்சை நான் எச்சரிக்கையோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மனம் சார்ந்து நக்குவதாகக் கருதி அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2006-ஆம் ஆண்டில் வெளியானது. அவற்றில் 16 பூனைகளுக்கு உடல்சார்ந்த காரணமே இருந்தது. 3 பூனைகளுக்கு உடலும் மனமும் சேர்ந்து காரணமாயின. மனம் மட்டுமே காரணம் என்று உறுதியானவை வெறும் 2. உணவு ஒவ்வாமை, தெள்ளு ஒவ்வாமை, காற்றிலுள்ள பொருள்களால் வரும் ஒவ்வாமை ஆகியவையே அந்த உடல்சார் காரணங்களில் முன்னால் நின்றன. இந்த எண்ணிக்கை என் மனத்தில் பதிந்திருப்பதற்கு என் சொந்தத் தவறும் ஒரு காரணம். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், அடிவயிற்றை மட்டும் நக்கி மொட்டையாக்கிக்கொண்டிருந்த ஒரு பூனைக்கு, வீட்டுக்குப் புதிதாக நாய் வந்த செய்தியைக் கேட்டதுமே, மன அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதங்கள் கழித்து அதன் சிறுநீர்ப்பையில் கல் இருப்பது படத்தில் தெரிந்தது. வலித்த இடத்தைத்தான் அது நக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை நாளும் அது பட்ட வேதனைக்கு என் அவசர முடிவே காரணம் என்பதை நான் மறக்கவில்லை.

ஆகையால் உங்களிடமும் கேட்கிறேன்: மணல் தட்டுக்கு அது அடிக்கடி போகிறதா, நெடுநேரம் உட்கார்ந்து சிறிதளவே சிறுநீர் கழிக்கிறதா, சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா, தட்டுக்கு வெளியே கழிக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் தேவை. மற்ற இரண்டு பூனைகளில் ஆண் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் சொட்டாமல் இருந்தால் அது அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசர நிலை.

இருந்தாலும், உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. முதுகில், வால் பக்கமாக, கையில் தட்டுப்படும் சிறு பொருக்குகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். சிறுநீர்ப்பை வலியோ மனக்கலக்கமோ மட்டும் இருந்தால் இந்தப் பொருக்குகள் வருவதற்குக் காரணமில்லை. தினையளவில் பொருபொருவென்று வரும் இந்தப் புண்கள் ஒவ்வாமைக்கும் ஒட்டுண்ணிக்கும் பூனைத்தோல் காட்டும் வழக்கமான எதிர்வினை. அவை வாலடியிலும் முதுகின் பின்பாதியிலும் செறிந்திருந்தால் முதலில் நினைக்க வேண்டியது தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை.

‘ஒரு தெள்ளைக்கூடப் பார்த்ததில்லை’ என்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனாலும் தெள்ளை விலக்க மாட்டேன். ஒவ்வாமை என்பது தெள்ளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அன்று. கடிக்கும்போது உள்ளே செல்லும் உமிழ்நீரைப் பொறுத்தது. ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதும். அதோடு, அரிக்கிற பூனை ஓயாமல் நக்குவதால் தன் உடலிலிருக்கும் தெள்ளுகளை விழுங்கிவிடுகிறது; சான்றைத் தானே அழித்துவிடுகிறது என்று சொல்லலாம். ஆகவே, அரிப்பே இல்லாத உங்கள் மற்ற இரண்டு பூனைகளின் உடலில் தேடுவது அதிகப் பயன் தரும். நெருக்கமான பற்களுள்ள பேன் சீப்பால் மூன்று பூனைகளையும் வாலடியிலும் கழுத்திலும் வாருங்கள். சீப்பில் வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். அந்தப் பொடியைச் சுற்றி ஈரத்தில் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் அன்று, தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம். மலத்தின் மேலோ வாலின் அடியிலோ வெள்ளரி விதை போன்ற வெண்ணிறத் துண்டுகள் தென்பட்டாலும் சொல்லுங்கள்; தெள்ளை விழுங்குவதால் பூனைக்கு வரும் நாடாப்புழுவின் துண்டுகள் அவை. பூனை வெளியே போகாததும் உறுதியான காப்பு அன்று. நம் உடையிலும் காலணியிலும் தெள்ளு உள்ளே வரும். மேலும், தெள்ளின் கூட்டுப்புழு தன் கூட்டுக்குள் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து, தரையில் நடக்கும் அதிர்வும் உடல் வெப்பமும் மூச்சுக்காற்றும் தெரிந்ததும் வெளியே வரும் இயல்புடையது. புதிய வீட்டில் உங்களுக்கு முன் நாயோ பூனையோ வளர்த்தவர்கள் குடியிருந்தார்களா என்று விசாரியுங்கள். வீடு மாறியதற்கும் முடி போனதற்கும் உள்ள தொடர்பு மனத்தின் வழியாக அல்லாமல் தரையின் வழியாக வந்ததாகவும் இருக்கலாம்.

தெள்ளு தென்பட்டாலும் தென்படாவிட்டாலும், இத்தகைய பூனைக்கு நான் முதலில் செய்வது முழுமையான தெள்ளுச் சிகிச்சைதான். பூனைகளுக்கென்றே உரிமம் பெற்ற, செலாமெக்டின் அல்லது ஃப்ளூரலானர் போன்ற மருந்தை, பூனையின் எடையைப் பார்த்து மருத்துவர் தர வேண்டும். இவற்றில் ஒரு நன்மை, தெள்ளோடு சில சிற்றுண்ணி வகைகளும் சேர்ந்து அழிகின்றன. இங்கே பலரும் தவறும் இடங்கள் இரண்டு. நோயுள்ள பூனைக்கு மட்டும் மருந்து போடுவார்கள். மூன்று பூனைகளுக்கும் போட்டால்தான் பயன் உண்டு. ஒரு முறை போட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் விலங்கின் மேல் இருக்கும் முதிர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான், மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் விரிப்பிலும் இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். இவையெல்லாம் பொரித்து வந்து மடிந்து தீர, இடைவெளியில்லாமல் குறைந்தது மூன்று மாதங்கள் மருந்து தொடர வேண்டும். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து, மெத்தை விளிம்பையும் சோஃபா இடுக்கையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, அதில் சேர்ந்த தூசியை உடனே வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வாமை எதுவும் பூனையிலிருந்து மனிதருக்குத் தொற்றாது. நாம் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியது படர்தாமரையைப் பற்றித்தான். பூனைகளுக்கு அதை உண்டாக்குவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை. அது முடியையே தின்று ஒடிப்பதால் வட்டமான சொட்டைகள் விழும். தலை, காது, முன்கால்களில் தொடங்குவது வழக்கம். குட்டிகளுக்கும் நீளமுடி இனங்களுக்கும் அதிகம் வரும். சில பூனைகளுக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லாமலே முடியில் பூஞ்சை இருக்கும். குழந்தைகளுக்கு இது எளிதில் ஒட்டும். உங்கள் பூனையின் தோற்றம் படர்தாமரையைப் போல இல்லை. ஆனாலும் அதைச் சோதிக்காமல் விட எனக்கு மனம் வராது. மருத்துவர் உட்ஸ் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கில் பார்ப்பார். பூஞ்சை பிடித்த முடி ஆப்பிள்பச்சை நிறத்தில் ஒளிரலாம். எல்லாம் ஒளிரும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒளிரவில்லையே என்று விட்டுவிடாமல், புதிய பல்துலக்கியால் உடல் முழுவதும் வாரி அந்த முடியைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை மகளைத் தனியே தூங்கச் செய்யுங்கள். பூனையைக் கொஞ்சக் கூடாது என்று தடுக்க வேண்டியதில்லை. கொஞ்சிய பின் கையைச் சோப்பால் கழுவினால் போதும். மகளின் கையிலோ கழுத்திலோ தலையிலோ ஓரம் சிவந்து உயர்ந்த வட்டமான அரிப்புத் தடிப்பு வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லுங்கள். வீட்டில் மீந்திருக்கும் களிம்பை அதன்மேல் தடவ வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையைப் பரப்பிவிடும்.

அதே காரணத்தால்தான் நீங்கள் போட்ட ஊசியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. பெயரை நீங்கள் எழுதவில்லை. போட்டதும் ஒரு மாதம் நன்றாக இருந்து மறுபடி திரும்பியது என்பதைப் பார்த்தால், அது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். சிகிச்சைச் சீட்டில் பாருங்கள். அப்படியானால் அது நமக்கு ஒரு தகவலைத் தந்திருக்கிறது: ஸ்டீராய்டுக்கு அடங்கியது என்றால் அங்கே அரிப்பும் அழற்சியும் இருந்திருக்கின்றன, மனம் மட்டும் காரணம் இல்லை. ஆனால் அந்தத் தகவலுக்காக மூன்றாவது ஊசியைப் போட வேண்டாம். காரணம் தெரியாமல் தொடர்ந்து போடப்படும் நீண்டகால ஸ்டீராய்டு பூனைக்கு நீரிழிவைக் கொண்டுவரலாம், மறைந்திருக்கும் இதய நோயை வெளிக்கொணரலாம், பூஞ்சையை ஊக்கலாம். உள்ளே போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அரிப்பு தாங்க முடியாத அளவில் இருந்து, பூஞ்சை இல்லை என்றும் தெரிந்தபின், பிரெட்னிசோலோன் மாத்திரையைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதையே நான் விரும்புகிறேன். அளவைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் அதில் வழி இருக்கிறது. நெடுநாள் சிகிச்சை தேவைப்படும் பூனைகளுக்குச் சைக்ளோஸ்போரின் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன.

தெள்ளுச் சிகிச்சை இரண்டு மாதங்கள் ஒழுங்காக நடந்தும் நக்குவது குறையாவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது உணவு ஒவ்வாமை. இதற்கு இரத்தப் பரிசோதனை என்று விற்கப்படுபவற்றை நம்பிப் பணம் செலவிடாதீர்கள். நம்பத்தக்க ஒரே வழி உணவு மாற்றுச் சோதனைதான். பூனை இதுவரை தின்றிராத புரதம், அல்லது ஒவ்வாமையைத் தூண்டாத அளவுக்குச் சிறு துணுக்குகளாகச் சிதைத்த புரதம் கொண்ட மருத்துவ உணவை எட்டு வாரங்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு ஒரு துணுக்கும் வாயில் போகக் கூடாது: தின்பண்டமும் கூடாது, இறைச்சிச் சுவை சேர்த்த மாத்திரையும் கூடாது, மற்ற பூனைகளின் கிண்ணத்தில் மிஞ்சியதும் கூடாது. மூன்று பூனைகள் உள்ள வீட்டில் இது கடினம் என்று எனக்குத் தெரியும். மூன்றுக்கும் அதே உணவைக் கொடுத்துவிடுவது பல நேரங்களில் எளிய வழியாக அமைகிறது, மற்ற இரண்டுக்கும் வேறு நோயோ தனி உணவுத் தேவையோ இல்லையா என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புது உணவை ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதோடு கலந்து பழக்குங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். பூனை, அதிலும் குண்டான பூனை, இரண்டு மூன்று நாள் உண்ணாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். எட்டு வாரங்களில் அரிப்பு அடங்கினால், பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும்; சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் நக்கல் திரும்பினால்தான் காரணம் உணவென்று உறுதியாகும். இந்தக் கடைசிப் படியைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். அதனால், தேவையே இல்லாமல் பூனை ஆயுள் முழுவதும் ஒரே உணவில் கட்டுண்டு கிடக்கிறது.

சிற்றுண்ணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலின் மேற்பரப்பைச் சுரண்டியும் ஒளிபுகும் ஒட்டுநாடாவில் ஒற்றியும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். டெமோடெக்ஸ் கேட்டோய் என்ற வகை ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்குப் பரவக்கூடியது. விலாவையும் வயிற்றையும் நக்க வைப்பது. பூனை நக்கி விழுங்கிவிடுவதால் சுரண்டலில் அகப்படாமலும் போகும். செய்லட்டியெல்லா என்ற வகை முதுகில் பொடுகு போலத் தெரியும், மனிதரையும் தற்காலிகமாகக் கடித்துத் தடிப்பை உண்டாக்கும். வீட்டிலுள்ள வேறு பூனையும் நக்கத் தொடங்கினால் இவற்றின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

தோலில் என்ன தடவலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த ஐந்து மாதங்களில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். பூனையின் தோலில் தடவும் எதுவும் சில நிமிடங்களில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். டீ ட்ரீ எண்ணெய் முதலிய நறுமண எண்ணெய்கள், கற்பூரம் கலந்தவை, துத்தநாகமோ சாலிசிலிக் அமிலமோ சேர்ந்த மனிதக் களிம்புகள் ஆகியவற்றைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். நம் தலைக்குப் போடும் ஷாம்பூ அதன் தோலை உலர்த்தி அரிப்பைக் கூட்டும். புண் வலிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

மன அழுத்தத்தை நான் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. ஏற்கெனவே அரிப்பு உள்ள பூனை கலங்கியிருந்தால் இன்னும் அதிகமாக நக்கும். அந்த 21-இல் 3 பூனைகள் அப்படிப்பட்டவை. ஆகவே மருத்துவம் நடக்கும்போதே வீட்டையும் சற்றுச் சரிசெய்யுங்கள். மூன்று பூனைகளுக்கு நான்கு மணல் தட்டுகள், அதுவும் ஒரே மூலையில் வரிசையாக இல்லாமல் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். உணவுக் கிண்ணங்கள் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருக்கட்டும். உயரத்தில் ஏறி உட்கார ஓர் இடமும், யாரும் தொந்தரவு செய்யாமல் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் இந்தப் பூனைக்குக் கொடுங்கள். மற்ற பூனைகளில் ஒன்று வழியில் உட்கார்ந்து இதை முறைத்தே மடக்குகிறதா என்று கவனியுங்கள். சண்டைச் சத்தமே கேட்காமல் நடக்கும் கொடுமை அது. நக்கும்போது அதட்டாதீர்கள். அதட்டினால் அது நிறுத்தாது, நீங்கள் இல்லாத இடத்துக்குப் போய்த் தொடரும். எல்லாக் காரணங்களையும் தேடி விலக்கிய பிறகும் நக்கல் நிற்காத பூனைகளுக்கு மனநல மருந்துகள் உண்டு, அவை உதவவும் செய்கின்றன. அவை வரிசையில் கடைசியாக வர வேண்டியவை.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அந்த இரண்டு ஊசிகளின் பெயரும் தேதியும், மாதவாரியாக எடுத்த புகைப்படங்கள் இருந்தால் அவையும், ஈரக் காகிதச் சோதனையின் முடிவும், பூனை நக்கும் காணொளியும், அது தின்னும் எல்லாவற்றின் பட்டியலும் கையில் இருக்கட்டும். போவதற்கு முன் பூனையைக் குளிப்பாட்ட வேண்டாம். பொருக்கும் தெள்ளின் எச்சமும் கழுவப்பட்டுவிடும். ஊசி போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டின் வேகம் அடங்கும் முன் செய்யும் சில சோதனைகளின் முடிவு மங்கித் தெரியும். தோலில் ஈரமான சிவந்த மேடுகள் தோன்றினாலோ, மேலுதட்டின் ஓரம் புண்ணாகிக் குழிந்தாலோ, பூனை உணவைத் தொடாமல் ஒதுங்கிப் படுத்தாலோ நாள் குறித்துக்கொண்டு காத்திராமல் உடனே கொண்டுசெல்லுங்கள்.

காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் நக்குவது சில வாரங்களில் குறையும். முடி முழுவதுமாக மூட இரண்டு மூன்று மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகும். முதலில் அடிவயிற்றில் மெல்லிய பஞ்சு போன்ற முடிதான் தென்படும், நீண்ட முடி பிறகே வரும். அந்தப் பஞ்சு முடி ஒடியாமல் இரண்டு வாரங்கள் நின்றால், சிகிச்சை சரியான திசையில் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சைச் சோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மகள் மறுபடி பூனையோடு தூங்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.